கைப்பேசி பேசுமா?

ஒரு பொருளை எதற்காக வாங்குகிறோமோ அதனை மறந்துவிட்டு, அப்பொருளின் அலங்காரத்தைப் பற்றியே பேசி மகிழ்வது நம்மவரிடையே நெடுநாளாக வேரூன்றிவிட்ட ஒரு பழக்கமாகும். குடை வாங்கினால் அதன் கைப்பிடியைப் புகழ்வோம். மழையில் ஒழுகுமா என்று பாரோம். பெண் பார்க்கச் சென்றால் நகையை எண்ணுவோம். பெண்ணின் மனத்தை வினவோம். இப்பழக்கம் இன்று நம் சட்டைப் பைக்குள்ளும் புகுந்துவிட்டது. அப்பையில் கிடக்கும் திறன்பேசி எத்தனை அழகாகப் படம் பிடிக்கும், எவ்வளவு நினைவு கொள்ளும், எவ்வளவு மெலிந்தது என்றெல்லாம் தோட்டத்திலும் பட்டணத்திலும் ஓயாது பேச்சு நடக்கிறது. அதிற் பேசினால் மறுமுனையில் இருப்பவர்க்குக் கேட்குமா, மறுமுனையிலிருந்து ஒருவர் அழைத்தால் நமக்கு வந்து சேருமா என்னும் கேள்வியை மட்டும் கேட்பாரில்லை.

இவ்விஷயத்தில் பிறரைக் குறைகூறும் உரிமை எனக்கு இல்லை. அக்கேள்வியைக் கேளாமல் விட்டவர்களில் முதல்வன் நானே. அதனால் விளைந்ததை உள்ளது உள்ளவாறு எழுதினால், இதைப் படிக்கும் நாலு பேருக்கேனும் பயன்படும் என்னும் எண்ணத்தினால் எழுதத் துணிந்தேன்.

நான் பேராக் மாநிலத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக ஊழியம் பார்ப்பவன். என் பெற்றோர் அங்கிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேறொரு தோட்டத்தில், பழைய லயத்து வீட்டிலேயே இன்னும் வசிக்கின்றனர். என்னோடு வந்து இருக்குமாறு எத்தனையோ முறை அழைத்தும், வளர்ந்த இடத்தை விட்டுவர அவர்களுக்கு மனமில்லை. ஆகவே எங்களுக்கிடையே பாலமாக இருப்பது கைப்பேசி ஒன்றே.

என் தந்தையாரிடம் பல ஆண்டுகளாகப் பொத்தான் வைத்த சிறு கைப்பேசி ஒன்று இருந்தது. 2021ஆம் ஆண்டு தீபாவளிக்குச் சில நாட்களுக்கு முன் அதன் மின்கலம் உப்பிப் பயனற்றுப் போயிற்று. அவருக்கு ஒரு திறன்பேசி வாங்கிக் கொடுக்க முடிவுசெய்தேன். கடைக்குப் புறப்படும்போது உறவினர் ஒருவர், இராகுகாலம் கழிந்து செல்லுமாறு சொன்னார். நான் நகைத்தேன். யந்திரத்திற்கு ஏது நல்ல நேரம், கெட்ட நேரம் என்று அவருக்கு ஒரு பிரசங்கமே செய்துவிட்டுச் சென்றேன். கடையில் விவரப் பட்டியல் ஆங்கிலத்தில் இருந்தது. ஆங்கிலப் பள்ளியில் படித்தவனாதலால் அதனை வரி வரியாகப் படித்தேன். திரையின் அளவு, படக்கருவியின் திறன், நினைவகம், மின்கலம், நிறம் ஆகிய யாவும் அதிற் கண்டிருந்தன. குரல் எப்படிக் கேட்கும் என்பதற்கு ஒரு வரியும் இல்லை. இல்லையே என்று எனக்குத் தோன்றவும் இல்லை. 1,200 வெள்ளியை எண்ணி வைத்தேன். உறவினர் பஞ்சாங்கத்தை நம்பினார். நான் பட்டியலை நம்பினேன். இவ்விரண்டிற்கும் பெரிய வேற்றுமை இல்லையென்பதை அப்போது நான் அறியேன்.

தீபாவளியன்று கருவி தந்தையார் கைக்கு வந்தது. பழைய கைப்பேசியிலிருந்த சிம் அட்டையையே எடுத்து அதிற் பொருத்தினேன். பேரப்பிள்ளைகளின் முகத்தைக் கண்ணாடி போன்ற அத்திரையிற் கண்டு என் அன்னையார் மகிழ்ந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. நவம்பர், டிசம்பர் மாதங்களில் அழைத்தால் கிடைத்தது, பேசினோம். ஜனவரியிலிருந்து தொல்லை தொடங்கிற்று. நான் அழைக்கும்போது, தொடர்புகொள்ள இயலவில்லை என்று ஒரு பெண்குரல் பதில் கூறும். கருவியை அணைத்து வைத்துவிட்டாரோ என்று நினைப்பேன். மறுநாள் கேட்டால், ‘இல்லையே தம்பி, பக்கத்திலேயேதான் வைத்திருந்தேன், மணி அடிக்கவே இல்லை’ என்பார். அடித்த சில வேளைகளிலும் அவரால் எடுக்க முடிவதில்லை. விரலால் திரையைத் தள்ளினால் அஃது அசையாது; இரண்டாம் முறை தள்ளுவதற்குள் அழைப்பு நின்றுவிடும். முப்பதாண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டிய கை அது. காய்ப்பேறி உலர்ந்த அவ்விரல் நுனியை அத்திரை விரலாக மதிக்கவில்லை. நானோ, ‘வயதானவர், பழகப் பழகச் சரியாகிவிடும்’ என்று எண்ணி வாளா இருந்துவிட்டேன். குற்றம் கருவியினுடையதாக இருக்கக்கூடும் என்று நினையாமல், மனிதனுடையது என்று எளிதில் தீர்ப்புக் கூறிவிட்டேன்.

2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஓர் இரவு, நல்ல மழை. மணி பத்தைத் தாண்டியிருக்கும். என் அன்னையாருக்கு மூச்சுத்திணறல் கண்டது. தந்தையார் திறன்பேசியை எடுத்து என்னை அழைத்தார். திரையின் மேல்மூலையில் அலைக்குறி நிறைந்து நின்றது. அழைத்த மாத்திரத்தில் அக்குறி குறைந்தது. ஏதோ தேடுவது போலச் சிறிது நேரம் மௌனம். பின்னர் அழைப்பு அறுந்தது. மூன்று முறை இவ்வாறே. அவர் கருவியைத் தரையில் வைத்துவிட்டு, மழையில் நனைந்துகொண்டே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்.

அவ்வீட்டு அம்மையார் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குபவர். அதிகம் படித்தவரல்லர். அவரிடம் இருந்ததோ, நூறு வெள்ளிக்குச் சற்று மேல் கொடுத்து வாங்கிய பொத்தான் கைப்பேசி. அவர் முதலில் 999ஐ அழைத்து மருத்துவ வண்டிக்குச் சொன்னார். வீட்டை அடையாளம் சொல்லி, வாயிலில் விளக்குடன் ஆளை நிறுத்தினார். பின்னர் சுவரிலிருந்த நாட்காட்டியில் என் எண்ணைப் பார்த்து என்னை அழைத்தார். ஒரு முறையன்று, மூன்று முறை.

என் கைப்பேசி தலைமாட்டிலேயே இருந்தது. ஆனால் அது மணியடிக்கவில்லை.

காரணம் இதுதான். அக்காலத்தில் மோசடிக்காரர்களின் அழைப்புகள் மிகுந்துவிட்டன. போலீஸ் என்றும் வங்கி என்றும் பெயர் சொல்லி ஜனங்களை ஏமாற்றுவோர் தொல்லை தாங்காமல், அவ்வாண்டின் அக்டோபர் மாதத்தில் 997 என்னும் எண்ணோடு தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தையே அரசாங்கம் ஏற்படுத்த நேர்ந்தது. நானும் என் கருவியில், அறிமுகமில்லாத எண்களிலிருந்து வரும் அழைப்புகள் ஓசையின்றி ஒதுங்குமாறு ஓர் ஏற்பாடு செய்து வைத்திருந்தேன். அந்த அம்மையாரை நான் பிள்ளைப் பருவம் முதல் அறிவேன். அவர் எண்ணை மட்டும் பதிந்து வைத்தேனில்லை. ஆதலால் என் கருவி அவரையும் மோசடிக்காரரோடு சேர்த்து வாயிலில் நிறுத்திவிட்டது.

அவர் சோர்ந்துவிடவில்லை. நாட்காட்டியில் என் எண்ணுக்குக் கீழே எங்கள் தோட்ட ஆபீசின் டெலிபோன் எண்ணும் எழுதியிருந்தது. அதனையும் அழைத்தார். ஆபீஸ் மேசையில் கம்பியோடு கட்டுண்டு கிடக்கும் அப்பழைய கருவி, இருட்டில் ஊரே எழும்படி அலறிற்று. ஜாகாக்காரர் எடுத்தார். மழையில் ஓடிவந்து என் கதவைத் தட்டி, ‘கிராணி ஐயா, உங்கள் அம்மாவுக்கு முடியவில்லையாம், உடனே வரச் சொல்கிறார்கள்’ என்றார்.

நான் மருத்துவமனையை அடைந்தபோது நள்ளிரவு கடந்துவிட்டது. அன்னையார் வாயில் பிராணவாயுக் குழாயுடன் கண்ணை மூடிக் கிடந்தார். இன்னும் அரைமணி நேரம் தாமதித்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும் என்று டாக்டர் கூறினார். வெளியே வாங்கியில் அந்த அம்மையார் ஈரச் சேலையோடு அமர்ந்திருந்தார். ‘தம்பி, உங்கள் போன் அடித்துக்கொண்டே இருந்தது, நீங்கள்தான் எடுக்கவில்லை’ என்றார். அவர் குரலில் கோபமில்லை. அதுவே எனக்குத் தாங்க முடியாததாயிற்று. அவர் காதில் மணி அடித்தது. என் அறையில் அடிக்கவில்லை. இதனை அவருக்கு எப்படி விளக்குவேன்? ‘உங்கள் அழைப்பை என் கருவி மதிக்கவில்லை, அக்கா’ என்று சொல்ல நா எழவில்லை.

ஐந்தாம் நாள் அன்னையார் வீடு திரும்பினார். அதன்பின் நான் செய்த முதற் காரியம், தந்தையாரின் கருவி ஏன் அவ்வாறு நடந்துகொண்டது என்று விசாரித்தது. கைப்பேசிக் கடையொன்றில் பணிபுரியும் ஓர் இளம்பெண் பொறுமையோடு விளக்கினாள். அவள் சொன்னதையும், பின்னர் நானே படித்தறிந்ததையும் சேர்த்து இங்கே தருகிறேன். இது நம் வீடுகள் பலவற்றிலும் இருக்கக்கூடிய குறை.

இக்காலக் கைப்பேசிகள் பயன்படுத்தும் 4ஜி அலைவரிசையில், பழைய முறைப்படி குரலுக்கென்று ஒதுக்கப்பட்ட தனிவழி கிடையாது. எழுத்து, படம், குரல் ஆகிய யாவும் சிறு சிறு பொட்டலங்களாகவே அதிற் செல்லவேண்டும். குரலை அவ்விதம் அனுப்பும் முறைக்கு வோல்ட்டி என்று பெயர். கருவி, சிம் அட்டை, சேவை நிறுவனம் ஆகிய மூன்றும் இணங்கினால்தான் வோல்ட்டி நடைபெறும். இணங்காவிடில், பேசவேண்டிய நேரத்தில் கைப்பேசி 4ஜியை விட்டிறங்கி, பழைய 3ஜியையோ 2ஜியையோ தேடிச் செல்லும். நம் நாட்டில் 3ஜி சேவை 2021ஆம் ஆண்டின் இறுதியோடு மூடப்பட்டது. அதுவரை தந்தையாரின் அழைப்புகளைத் தாங்கிவந்தது அந்த 3ஜியே. அது போனபின் எஞ்சியது 2ஜி. லயத்து வீட்டின் துத்தநாகக் கூரைக்குள் அது சரிவரப் புகவில்லை. ஆகவே படம் பார்க்க 4ஜி நிறைய இருந்தது. பேச ஒன்றும் இல்லை. திரையில் நிறைந்து நின்ற குறி பொய்யன்று; ஆனால் நாம் கேட்ட கேள்விக்கு அது விடையுமன்று. பழைய சிம் அட்டையை மாற்றி, அமைப்பில் ஒரு திறப்பைத் தட்டியதும் குறை நீங்கிற்று. பக்கத்து வீட்டு அம்மையாரின் மலிவுக் கருவி புதிய பொத்தான் வகை. அதில் வோல்ட்டி முதலிலிருந்தே நடைபெற்றது. அவ்வளவுதான் வேற்றுமை.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய சங்கடமன்று. ஆஸ்திரேலியாவில் 2024ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் 3ஜியை மூடுவதற்கு முன்பே, சாதாரண அழைப்புகளை 4ஜியிற் செய்துவிட்டு அவசர அழைப்புக்கு மட்டும் 3ஜியை நாடும் கருவிகள் பல புழக்கத்தில் இருப்பது தெரியவந்தது. நாள்தோறும் நன்றாகப் பேசும் கருவி ஆபத்து வேளையில் ஊமையாகிவிடும் என்றால், அதனை உடையவர் எப்படி முன்கூட்டி அறிவார்? ஆதலால் அத்தகைய கருவிகளை வலைத்தொடர்பிலிருந்தே விலக்கும்படி அந்நாட்டில் விதி செய்தனர்.

இதன்பின் டெலிபோனின் வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்த்தேன். 1876ஆம் ஆண்டு மார்ச் மாதம் 10ஆம் தேதி அலெக்சாண்டர் கிரகாம் பெல், அடுத்த அறையிலிருந்த தம் உதவியாளர் வாட்சனைக் கம்பி வழியே அழைத்தார், வாட்சன் வந்தார். அவர் கேட்டு, எழுந்து வந்தார் என்பதே அப்பரீட்சையின் வெற்றி. 2007ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோனை உலகிற்குக் காட்டியபோதும், இதன் தலையாய பயன் அழைத்துப் பேசுவதே என்னும் கருத்துப்படக் கூறினார். அதே நிறுவனம் 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட ஐபோன் 4ஐ இடப்புறக் கீழ்மூலையில் கைபடப் பிடித்தால் அலைவலிமை குன்றிற்று. எல்லோரும் பிடிக்கிறபடி பிடித்ததே குற்றமாயிற்று; முடிவில் நிறுவனம் இலவசமாக உறை கொடுத்துச் சமாதானம் செய்தது. சாதனத்தின் அழகு வளர வளர, அதன் ஆதி வேலை பின்னுக்குத் தள்ளப்படுகிறதென்பதற்கு இஃதொரு சான்று.

நிற்க. திறன்பேசி பேசுவதற்கே ஆகாதது என்று நான் கூறவில்லை. பழைய டெலிபோன் வினாடிக்கு 300 முதல் 3,400 வரையிலான அதிர்வுகளையே கொண்டுசென்றது. வோல்ட்டி முறையில் இரு முனையும் இணங்கினால் 50 முதல் 7,000 வரை செல்லும். சகர ஓசை போன்ற கூரிய ஒலிகள் அப்போதுதான் தெளிகின்றன. முதுமையில் முதலில் மங்குவது அக்கூரிய ஒலிகளைக் கேட்கும் திறனே. ஆதலால் வயோதிகருக்கு இஃதொரு பெருநன்மை. அலை புகாத வீட்டில் வைஃபை இருந்தால் அதன்வழியே சாதாரண அழைப்பைச் செய்யும் வசதியும் பல கருவிகளில் உண்டு. காது கேளாதோர் முகம் பார்த்துச் சைகையாற் பேசவும், எழுத்தாற் பேசவும் வழி செய்தது திறன்பேசியே. அவர்களுக்குப் பழைய டெலிபோன் வெறும் மரப்பெட்டி. இதுதான் உண்மையான தொலைபேசி. இவற்றையெல்லாம் மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

ஆனால் இந்நன்மைகள் யாவும் நம் கைக்குத் தாமாக வந்து சேர்வதில்லை. சோதித்துப் பார்த்துப் பெறவேண்டும். அச்சோதனையோ ஒருவரால் ஆவதன்று. படக்கருவியைத் தனியே சோதிக்கலாம். பாட்டைத் தனியே கேட்கலாம். பேச்சைச் சோதிக்க இருவர் வேண்டும். நம் குரல் எப்படிப் போகிறதென்று நம் காது ஒருபோதும் அறியாது. மறுமுனையிலுள்ள காதே அறியும். கைப்பேசியை வாங்குபவன் ஒருவன், அதன் தரத்தைத் தீர்மானிப்பவர் மற்றொருவர். இந்த உண்மையை நான் அறிந்துகொள்ள ஓர் இரவு வேண்டியிருந்தது.

இப்போது எங்கள் குடும்பத்தில் எக்கருவி வந்தாலும் சில சோதனைகளைச் செய்கிறோம். முதலாவது, இடம். கடை வாயிலில் பேசிப் பார்ப்பது போதாது. எவ்வீட்டில் புழங்கப் போகிறதோ அவ்வீட்டினுள், படுக்கும் இடத்தில் நின்று அழைக்கவேண்டும். பேசிக்கொண்டிருக்கும்போதே திரையின் மேல்மூலையைப் பார்க்கவேண்டும். 4ஜி என்னும் குறி மாறாமல் நின்றால் வோல்ட்டி நடைபெறுகிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். மறைந்து வேறு குறி வந்தால் கருவி பழைய வழிக்கு இறங்கிவிட்டது என்று அறியலாம்.

இரண்டாவது, காது. ‘கேட்கிறதா? கேட்கிறது’ என்று சொல்லிவிட்டு வைத்துவிடக் கூடாது. பழகிய பேச்சைக் காது பாதி கேட்டு மீதியை ஊகித்துக்கொள்ளும். கிராணி வேலையில் இதை நான் நன்கு கண்டிருக்கிறேன். ஆலைக்குப் போன பழத்தின் எடையைப் போனிற் கேட்டு எழுதும்போது, அறுபதா எழுபதா என்று மயங்கி, கணக்கு இடித்து, மாதக் கடைசியில் தலையைப் பிய்த்துக்கொண்டது உண்டு. ஆகவே எண்களையும் கேட்டறியாத பெயர்களையும் ஒருவர் படிக்க, மற்றவர் எழுதவேண்டும். எழுதியதை ஒப்பிட்டால் கருவியின் யோக்கியதை வெளிப்பட்டுவிடும்.

மூன்றாவது, வாய். ஒலிவாங்கும் துளை கருவியின் அடிப்புறத்தில் ஊசிமுனையளவே உள்ளது. பொருத்தமற்ற உறை அதனை மூடிவிடும். வியர்வையும் தூசியும் அடைத்துவிடும். இரைச்சலை நீக்குவதற்காக மற்றொரு துளை பின்புறத்திலோ உச்சியிலோ இருக்கும். அதனைக் கையால் பொத்தினால் குரல் மங்கும். இரைச்சலை நறுக்கும் அவ்வேற்பாடு, நோயாளியின் மெல்லிய குரலையும் சேர்த்து நறுக்கிவிடுவதுண்டு. ஆதலால் உரக்கப் பேசுபவரை வைத்தன்று, வீட்டில் யார் மெல்லப் பேசுபவரோ அவரை வைத்தே சோதிக்கவேண்டும்.

நான்காவது, கை. ஈரக் கையாலும் காய்ப்பேறிய விரலாலும் அழைப்பை எடுக்க முடிகிறதா என்று பார்க்கவேண்டும். முடியாவிடில் பொத்தான் கைப்பேசியே அவருக்கு உகந்தது. அதனைக் கொடுப்பதில் இழிவு ஒன்றுமில்லை.

ஐந்தாவது, மணி. அடுப்படியில் நிற்பவருக்குக் கூடத்தில் அடிப்பது கேட்கிறதா? பகலெல்லாம் படம் ஓடியபின், இரவு பத்து மணிக்கு மின்கலத்தில் உயிர் எஞ்சியிருக்கிறதா? நோயும் விபத்தும் மின்கலம் நிறையும் வரை காத்திருப்பதில்லை.

இன்னொன்றையும் கூறவேண்டும். வாட்ஸ்அப் இருக்கும்போது சாதாரண அழைப்பு எதற்கு என்று இளைஞர் கேட்கின்றனர். வாட்ஸ்அப் குரலும் பாட்டும் படமும் செல்லும் அதே நெரிசலில் முட்டி மோதிக்கொண்டு செல்வது. வோல்ட்டிக் குரலுக்கோ அலைவரிசையில் முதலிடம் தரப்படுகிறது. மேலும், வாட்ஸ்அப் வழியே 999ஐ அழைக்க இயலாது. ஆகவே நம் வீட்டுக் குழந்தைகளும் வயோதிகரும் சாதாரண அழைப்பைச் செய்யப் பழகியிருத்தல் அவசியம்.

இவ்வளவும் யந்திரத்தைப் பற்றியது. என் மனத்தை இன்றுவரை அறுப்பது வேறொன்று.

என் தந்தையார் இளைஞராக இருந்த காலத்தில், அவர் வேலைசெய்த தோட்டத்தில் டெலிபோன் என்பது துரையின் பங்களாவிலும் ஆபீசிலும் மட்டுமே இருந்தது. தொழிலாளிக்குச் செய்தி வந்தால் கிராணியின் வாய்வழியே வரவேண்டும். வேறொரு தோட்டத்தில் வாழ்ந்த என் அத்தையார் ஓர் இரவு காலமானார். செய்தி அன்றிரவே ஆபீசுக்கு வந்துவிட்டது. கிராணி அதனை மறுநாள் காலைப் பெரட்டில், பெயர் கூப்பிட்டு முடித்தபின் என் தந்தையாரிடம் கூறினார். ‘இராத்திரியில் எழுப்புவானேன் என்று விட்டுவிட்டேன்’ என்பது அவர் கூறிய சமாதானம். தந்தையார் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்துவிட்டிருந்தது. உடன்பிறந்தவளின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று அவர் இன்றும் சொல்லி வருந்துவார். அவர் என்னைப் படிக்கவைத்ததற்கு அந்நிகழ்ச்சியும் ஒரு காரணம். ‘நீ அந்த நாற்காலியில் உட்கார், ஆனால் அந்த மனிதனைப் போல் இராதே’ என்று எனக்கு வேலை கிடைத்த அன்று கூறினார்.

நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். ஆபீஸ் டெலிபோனில் எவருக்குச் செய்தி வந்தாலும் உடனே ஆள் அனுப்பிவந்தேன். அதில் எனக்குச் சிறிது பெருமையும் உண்டு. ஆனால் என் சட்டைப் பையிலேயே ஒரு பழைய கிராணியை நான் அமர்த்தி வைத்திருந்தேன். யாருடைய அழைப்பு என் காதுக்குத் தகுந்தது, யாருடையது தகாது என்று அவன் தீர்மானித்துக்கொண்டிருந்தான். பெயர் பதிந்தவர் உள்ளே வரலாம். உதிரிப்பழம் பொறுக்கும் பெண் வாயிலில் நிற்கவேண்டும். அந்தோ! கிராணிக்காவது தூக்கம் என்னும் சாக்கு இருந்தது.

தோழர்களே, கைப்பேசி ஏழைத் தொழிலாளிக்கு அளித்த மிகப் பெரிய விடுதலை, படமும் பாட்டும் அன்று. துரையையும் கிராணியையும் கெஞ்சாமல், தன் துன்பத்தைத் தன் வாயாலேயே உலகிற்குச் சொல்லும் உரிமையே அது. வீட்டில் ஆணிடம் மட்டும் கைப்பேசி இருந்து, பெண் ஆபத்தில் அதனைத் தொட அஞ்சினால், அவ்வீட்டில் இன்னும் பழைய காலமே நடக்கிறது. அன்றிரவு என் அன்னையாரைக் காப்பாற்றியது ஒரு பெண்ணின் கையிலிருந்த அவளுடைய சொந்தக் கைப்பேசி. அவள் தன் கூலியில் வாங்கியது. எவரையும் கேளாமல் எடுத்துப் பேசத்தக்கது.

மோசடிக்காரருக்கு அஞ்சி வாயிலைப் பூட்டுவது தவறென்று கூறவில்லை. ஆனால் பூட்டுமுன், உள்ளே வரவேண்டியவர் யார் யார் என்று எண்ணிப் பார்க்கவேண்டும். பக்கத்து வீட்டார், தோட்டத்துக் கங்காணி, ஜாகாக்காரர், பிள்ளைகளின் ஆசிரியர் ஆகியோரின் எண்களைப் பதிந்துவைக்க ஒரு மாலைப்பொழுது போதும். ஒரே எண் அடுத்தடுத்து அழைத்தால் மணியடிக்கவிடும் ஏற்பாடும் பல கருவிகளில் உண்டு. நான் அந்த ஒதுக்கும் ஏற்பாட்டை அன்றே நீக்கிவிட்டேன். மோசடிக்காரர் இப்போதும் அழைக்கின்றனர்; குரலைக் கேட்டு வைத்துவிடுகிறேன். அதனால் எனக்குப் போவது அரை நிமிஷம்.

தந்தையாருக்கு 4ஜிப் பொத்தான் கைப்பேசி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். திறன்பேசி அன்னையாரிடம் இருக்கிறது, பேரப்பிள்ளைகளைப் பார்ப்பதற்கு. பொத்தான் கைப்பேசியைக் கொடுத்த அன்று தந்தையார் அவ்விரண்டையும் இரு கைகளில் வைத்துப் பார்த்தார். ‘தம்பி, அதில் எல்லாம் இருந்தது, அன்றைக்கு நீ மட்டும்தான் இல்லை’ என்றார். குறையாகச் சொல்லவில்லை, கண்டதைச் சொன்னார்.

இவ்வார விடுமுறையில் உங்கள் பெற்றோரின் வீட்டிற்குச் செல்வீர்களானால், அவர்கள் கைப்பேசியை வாங்கி, அவர்கள் படுக்கும் இடத்தில் நின்று, உங்களை அழைக்கச் சொல்லுங்கள். நீங்கள் தெருவிற்கு வந்து எடுங்கள். அவர்கள் பத்து எண்களைச் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். பின்னர் பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணைக் கேட்டு உங்கள் கருவியில் பதிந்துகொள்ளுங்கள். கால்மணி நேரத்து வேலை. நான் அதனைச் செய்யாமல் விட்டதற்கு என் அன்னையார் ஐந்து நாள் மருத்துவமனையிற் கிடந்தார்.